கொள்கைக்கு ராஜினாமா கிடையாது

நடுவர் அவர்களே, எதிரணி அக்கா அவர்களே, சாப்பாட்டு அறையின் கதவை எப்போது திறப்பார்கள் என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும் லண்டன் வாழ் தமிழ்ப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"இன்றைய பிரிட்டனில் மக்களை அதிகம் வாட்டுவது அரசியல்வாதிகளின் ஒழுக்கக் கேடா, அரசாங்கத்தின் சமூகக் கொள்கையா?" இதுதான் தலைப்பு. கொள்கையே என்று சொல்ல வந்திருக்கிறேன். ஒழுக்கக் கேடே என்று பேசிய அக்கா கைதட்டலை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அள்ளாமல் என்ன செய்வார்? அவர் பக்கம் விருந்து இருக்கிறது, காதல் இருக்கிறது, குளத்தில் வாத்துக்கு வீடு கட்டக் கணக்கு எழுதிய எம்.பி. இருக்கிறார். என் பக்கம் இருப்பதெல்லாம் படிவமும் சட்டப் பிரிவும். படிவத்தைக் காட்டி யாரைச் சிரிக்க வைக்க முடியும்? நடுவர் மனது வைத்து எனக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும்.

அக்கா மிகவும் ரசித்துச் சொன்ன உதாரணத்திலிருந்தே தொடங்குகிறேன். 2025 ஆகஸ்ட் மாதம். வீடற்றோர் பிரச்சினைக்குப் பொறுப்பான அமைச்சர் ருஷனாரா அலி. கிழக்கு லண்டனில் அவருக்குச் சொந்தமான ஒரு வீடு. விற்கப்போகிறோம் என்று குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, பிறகு மாதத்துக்குச் சுமார் 700 பவுண்டு கூட்டி அதே வீட்டை மறுபடி வாடகைக்கு விட்டார் என்று செய்தி வந்தது. விதிகளின்படிதான் எல்லாம் செய்தேன் என்று சொல்லிக்கொண்டே பதவி விலகினார். வேலியே பயிரை மேய்கிறது என்று அக்கா சொன்னார். அரங்கம் அதிர்ந்தது. நானும்தான் கைதட்டினேன்.

இப்போது என் கேள்வி. விதிகளின்படி என்று அவர் சொன்னாரே, அது பொய்யா? இல்லை. ஒருவரை அப்படிக் காலி செய்யவைத்து, கூடுதல் வாடகைக்கு அடுத்தவரைக் குடிவைப்பதை அன்றைய சட்டம் தடுக்கவே இல்லை. இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் 'பிரிவு 21' என்றால் தெரியும். 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் இருந்தது. காரணமே சொல்லாமல், இரண்டு மாத நோட்டீஸில் வீட்டுக்காரர் வெளியே போகச் சொல்ல அது இடம் கொடுத்தது. பிள்ளை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறதா, அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறதா, எதுவும் கணக்கில் வரவில்லை. இதை ஒழிப்போம் என்று 2019 ஏப்ரலில் தெரசா மே அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. அடுத்து ஜான்சன் கொடுத்தார். சுனக் காலத்தில் மசோதா வந்தது, 2024 தேர்தல் வந்ததும் அது செத்தது. ஸ்டார்மர் ஆட்சியில் 2025 அக்டோபரில்தான் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 2026 மே 1.

அமைச்சரைப் பற்றிச் செய்தி வந்தது, உடனே அவர் வீட்டுக்குப் போனார். அவர் செய்ததை அனுமதித்த விதியை வீட்டுக்கு அனுப்ப ஏழு ஆண்டுகள், ஐந்து பிரதமர்கள். அக்கா, உங்கள் சாட்சி என் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார், பார்த்தீர்களா?

சரி, அடுத்து. "கெட்ட மனிதர்கள்தான் கெட்ட கொள்கை போடுவார்கள், அதனால் வேர் ஒழுக்கம்தான்" என்றார் அக்கா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரசா மேயை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிரியார் மகள். லஞ்சம் இல்லை, காதல் விவகாரம் இல்லை, குடித்து ஆடியது இல்லை. வாழ்க்கையில் நீங்கள் செய்த பெரிய குறும்பு என்ன என்று 2017 தேர்தல் நேரத்தில் தொலைக்காட்சியில் கேட்டார்கள். யோசித்து யோசித்து, சின்ன வயதில் தோழிகளோடு கோதுமை வயலுக்குள் ஓடினேன், விவசாயிகளுக்கு அது பிடிக்கவில்லை என்றார். அவ்வளவுதான் அவருடைய ஒழுக்கக் கேடு!

அதே தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோதுதான், 2012இல், சட்டவிரோதமாகக் குடியேறியவர்களுக்கு இங்கே வாழவே முடியாத சூழலை உருவாக்குவோம் என்றார். 2014, 2016 சட்டங்கள் வந்தன. வீட்டுக்காரர் ஆவணம் பார்க்க வேண்டும், முதலாளி பார்க்க வேண்டும், வங்கி பார்க்க வேண்டும். வாடகைக்கு வீடு தேடிப் போனவுடன் பாஸ்போர்ட்டை நீட்டிய அனுபவம் இந்த அரங்கில் பலருக்கு இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்றால் இங்கிருந்துதான் வந்தது.

அந்த வலையில் சிக்கியவர்கள் யார்? 1948இல் விண்ட்ரஷ் கப்பல் வந்த நாளிலிருந்து, கரீபியன் தீவுகளிலிருந்து சட்டப்படி அழைக்கப்பட்டு வந்தவர்கள். பேருந்து ஓட்டியவர்கள், மருத்துவமனையில் வேலை செய்தவர்கள், அவர்களோடு குழந்தையாக வந்தவர்கள். இங்கே நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வரி கட்டியவர்களிடம், ஒவ்வோர் ஆண்டுக்கும் காகிதம் காட்டு என்றார்கள். அவர்கள் வந்து இறங்கியதைக் காட்டும் சீட்டுகளை உள்துறையே 2010இல் அழித்திருந்தது. வேலை போனது, இலவச சிகிச்சை மறுக்கப்பட்டது. குறைந்தது 83 பேர் தவறாக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள்.

இதற்காக 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் ராஜினாமா செய்தாரே என்று அக்கா குறுக்கிடப் பார்க்கிறார். செய்தார், மறுக்கவில்லை. எதற்காகச் செய்தார்? நாடு கடத்துவதற்கு இலக்கு எண்ணிக்கை இருந்ததா என்று நாடாளுமன்றக் குழு கேட்டபோது தவறான தகவல் கொடுத்துவிட்டார். ராஜினாமாக் கடிதத்தில் சொன்ன காரணம் அதுதான். நாடாளுமன்றத்துக்குத் தவறான தகவல் கொடுத்தால் ஒழுக்கக் குற்றம், பதவி போகும். ஐம்பது ஆண்டு இங்கே வாழ்ந்த பெரியவரை ஜமைக்காவுக்கு விமானம் ஏற்றினால் அது நிர்வாகச் சிக்கல், விசாரணை வைப்பார்கள். அதே ஆண்டு நவம்பரிலேயே ஆம்பர் ரட் மறுபடி அமைச்சரவைக்குள் வந்துவிட்டார். எந்தத் துறை தெரியுமா? வேலை மற்றும் ஓய்வூதியத் துறை. ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் துறை.

எதிர்ப்பக்கமும் ஓர் ஆளைக் காட்டிவிடுகிறேன். 1963இல் போர்த்துறை அமைச்சர் ஜான் புரஃபுமோ. ஒரு பெண்ணோடு உறவு, அதை மறைக்க நாடாளுமன்றத்தில் பொய், பிறகு ராஜினாமா. அப்புறம் அவர் என்ன செய்தார்? கிழக்கு லண்டனில் டாயின்பீ ஹால் என்ற தொண்டு நிறுவனத்தில் சம்பளம் இல்லாமல் பல பத்தாண்டுகள் ஏழைகளுக்காக உழைத்தார். மனிதன் திருந்த முடியும், நடுவர் அவர்களே. சட்டத்துக்கு மனசாட்சி உறுத்தாது.

விருந்து விவகாரத்துக்கு வருகிறேன். அதைத் தொடாமல் போனால் பயந்துவிட்டான் என்பீர்கள். ஜான்சன் பிரதமராக இருந்தபோது, கோவிட் ஊரடங்கு நாளில், டவுனிங் தெருவில் பிரதமர் அலுவலகத்திலேயே குடியும் கூத்தும். 126 அபராதங்கள். 2021 ஏப்ரல் 17 அன்று எலிசபெத் ராணி கணவரின் இறுதிச் சடங்கில் தனியாக உட்கார்ந்திருந்தார், அதற்கு முந்தைய இரவும் அங்கே விருந்து. பெற்றவர்களின் ஈமச்சடங்கை ஜூமில் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்கள் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஜான்சன் பிரதமர் பதவியை இழந்தார், பிறகு எம்.பி. பதவியையும் விட்டார். நியாயம்தான்.

ஆனால் அந்தச் செய்தி முதலில் வெளிவந்தது எப்போது? 2021 நவம்பர் கடைசியில். அதற்கு இரண்டு மாதம் கூட இல்லை, அக்டோபர் தொடக்கத்தில், கோவிட் காலத்தில் கூட்டிக் கொடுத்த வாரம் 20 பவுண்டை, யுனிவர்சல் கிரெடிட் என்ற ஏழைகளுக்கான உதவித்தொகையிலிருந்து அதே அரசாங்கம் எடுத்துவிட்டது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த உதவித்தொகையை நம்பி இருந்தார்கள். ஆண்டுக்கு 1,040 பவுண்டு போனது. கேஸ் பில் ஏறத் தொடங்கிய நேரம் வேறு. விருந்து எத்தனை மணிக்குத் தொடங்கியது, கேக்கை யார் கொண்டுவந்தார் என்று நமக்கு எல்லாம் மனப்பாடம். அந்த 20 பவுண்டு எந்தத் தேதியில் போனது என்று இங்கே ஒருவர் சொல்லுங்கள் பார்ப்போம். ஒழுக்கக் கேடு நம்மைக் கோபப்படுத்துகிறது, கொள்கை நம் பையில் கை வைக்கிறது. தலைப்பில் 'வாட்டுவது' என்று கேட்டிருக்கிறார்கள்.

வாத்து வீட்டைப் பற்றி ஒரு வரி போதும். 2009 செலவுக் கணக்கு ஊழலில் எம்.பி.க்கள் திருப்பிக் கட்ட வேண்டும் என்று தணிக்கை சொன்ன தொகை மொத்தமே பத்து லட்சம் பவுண்டைச் சற்றுத் தாண்டியதுதான். 2015இல் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் உதவித்தொகைகளில் வெட்டுவதாக அறிவித்தது ஆண்டுக்கு 1,200 கோடி பவுண்டு. நான் கணக்கு வாத்தியார் இல்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஒழுக்கம் என்ற பேச்சு மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்க மட்டுமா பயன்படுகிறது? கீழே இருப்பவர்களை அடிக்கவும் அதே கோலைத்தான் எடுக்கிறார்கள். 1992 கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில் அமைச்சர் பீட்டர் லில்லி மேடையில் பாட்டாகவே பாடினார்: குறைந்த வாடகைக்கு உள்ளாட்சி கொடுக்கும் கவுன்சில் வீட்டுக்காகக் கர்ப்பமாகும் இளம்பெண்கள் என் பட்டியலில் இருக்கிறார்கள் என்று. அடுத்த ஆண்டு பிரதமர் ஜான் மேஜர், அடிப்படைகளுக்குத் திரும்புவோம் என்று முழக்கமிட்டார். கட்சிக்காரர்கள் அதைக் குடும்ப ஒழுக்கப் பிரசங்கமாக எடுத்துக்கொண்டார்கள். உடனே பத்திரிகைகள் கிளம்பி, அமைச்சர் டிம் யோவுக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு குழந்தை இருப்பதைக் கண்டுபிடித்தன. 1994 தொடக்கத்தில் அவர் போனார். மேஜரே சொந்தக் கட்சி எம்.பி. எட்வினா கரியோடு உறவில் இருந்தவர் என்பது 2002இல் வெளிவந்தது. அக்கா இதையும் சொன்னார், எல்லோரும் சிரித்தீர்கள். சிரித்து முடித்தபின் நடந்ததைக் கேளுங்கள். 1997இல் ஆட்சி மாறியது. லேபர் கட்சி வந்தது. வந்த முதல் ஆண்டிலேயே, டிசம்பரில், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கான உதவியை வெட்டினார்கள். சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 47 பேர் எதிர்த்தும் நிறைவேறியது. பிரசங்கம் செய்தவர்களின் மானம் போனது, ஆட்சியும் போனது. அந்தத் தாய்மார்கள் மீதான வெட்டு மட்டும் எதிர்க்கட்சியின் கையால் வந்து சேர்ந்தது.

அப்புறம் இரண்டு குழந்தை வரம்பு. 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு உதவித்தொகை இல்லை என்றார்கள். வன்புணர்வால் பிறந்த குழந்தை என்றால் விலக்கு இருந்தது. அதற்கு ஒரு படிவம். தாய் அதைச் சொல்ல வேண்டும், ஒரு நர்ஸோ சமூகப் பணியாளரோ உறுதி செய்ய வேண்டும், அந்த ஆளோடு இப்போது சேர்ந்து வாழவில்லை என்றும் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. படிவத்தை வைத்துச் சிரிக்க வைக்க முடியாது என்று தொடக்கத்தில் சொன்னேன். இது அந்தப் படிவம். 2021இல் உச்ச நீதிமன்றம் இந்த வரம்பு சட்டப்படி செல்லும் என்றது. 2024 வாக்கில் சுமார் 16 லட்சம் குழந்தைகள் இந்த விதியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களில் இருந்தார்கள். அந்த ஜூலையில் இதை நீக்கச் சொல்லி வாக்களித்த ஏழு லேபர் எம்.பி.க்களைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்தே இடைநீக்கம் செய்தார்கள். ஒழுங்கு நடவடிக்கை யார் மேல் பாய்ந்தது பாருங்கள்! பிறகு 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2026 ஏப்ரலிலிருந்து வரம்பை எடுக்கிறோம் என்று அதே அரசாங்கம் அறிவித்தது.

நம் ஆட்களின் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் ஈழத் தமிழர்களை ஏற்றிய படகு ஒன்று கனடா போகும் வழியில் தத்தளித்து, இந்துமாக்கடலில் பிரிட்டன் கட்டுப்பாட்டில் இருந்த டியேகோ கார்சியா தீவை அடைந்தது. வேலி போட்ட முகாமில், கூடாரத்தில், குழந்தைகளோடு மூன்று ஆண்டுகள் வைத்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களைத் தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்த மாதமே தீர்ப்பும் வந்தது. அந்தத் தீவில் எந்த அமைச்சரும் விருந்து வைக்கவில்லை, யாரும் யாரையும் காதலிக்கவில்லை. அதனால்தான் உங்கள் பக்கத்து வெள்ளைக்காரருக்கு அந்தக் கதை தெரியாது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். வேலை மற்றும் ஓய்வூதியத் துறை அமைச்சராக இருந்த இயன் டங்கன் ஸ்மித் 2016இல் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி வெட்டை எதிர்த்துப் போனாரே என்று அக்கா பதிலுரையில் கேட்கலாம். போனார். நிதியமைச்சர் மேல் பழி சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன் கவுன்சில் வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் வாடகை உதவியில் 14 சதவீதத்தை வெட்டியது அவர் துறைதான். அது வேறு. நான் கேட்பது இது: என் துறையின் இந்தச் சமூகக் கொள்கையால் மக்கள் கெட்டார்கள், அதற்குப் பொறுப்பேற்று விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அமைச்சர், இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரே ஒருவர். பெயரை மட்டும் சொல்லுங்கள் அக்கா. நான் உட்கார்ந்து கேட்கிறேன்.