பைண்டிங்குக்கு அனுப்பும் முன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘சிறுவயதில் படித்த இதழ்களைக் காப்பாற்றுவது பைண்டிங்கா, ஸ்கேனிங்கா?’ எங்கள் அணி ஸ்கேனிங் அணி.

பழைய அம்புலிமாமாவைப் பிரித்ததும் வரும் வாசம் கணினியில் வருமா என்று எதிரணித் தலைவர் உருகினார். வராது ஐயா. ஆனால் அந்த வாசம் எங்கிருந்து வருகிறது? மலிவுத் தாளில், மர நார்களை ஒட்டவைக்கும் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டு அது சிதையும், அமிலம் ஊறும், தாள் பழுத்து மடிப்பில் முறியும். நீங்கள் முகர்ந்து மகிழ்வது தாள் செத்துக்கொண்டிருக்கும் வாசம்!

1947 ஜூலையில் தொடங்கிய இதழ் அம்புலிமாமா. அவ்வளவு பழைய தாளைப் பைண்டிங்குக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? பன்னிரண்டு இதழை அடுக்கி, ஓரமாகக் குத்தூசி போட்டுத் தைப்பார்கள். உள்ளோரத்தில் ஒரு சென்டிமீட்டர் முதுகுக்குள் போய்விடும். மூன்று பக்கமும் வெட்டிச் சமப்படுத்துவார்கள்; ஓரம் வரை தீட்டிய படத்தில் குதிரைக்கு வால் போகும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றாமலே தைப்பவர்களும் உண்டு. அப்புறம் மைதாப் பசை. அதில் மயில்துத்தம் கலக்காவிட்டால் இராமபாணப் பூச்சிக்குத் தலைவாழை விருந்து.

ஸ்கேனிங்கிலும் சொதப்பலாம், ஒப்புக்கொள்கிறேன். செல்போனில் எடுத்தால் பக்கம் வளையும், நிழல் விழும். தாளைத் தானே இழுக்கும் இயந்திரத்தில் போட்டால் பழுத்த தாள் கிழியும். கண்ணாடிப் பலகை ஸ்கேனர்தான் வேண்டும். முதலில் நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய கத்தியால் பின்னின் கால்களை நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக உருவுங்கள். அதற்கும் முன்னால் பக்க எண் அச்சாகாத இடங்களில் மென்பென்சிலால் எண் போடுங்கள். 64 பக்க இதழைப் பிரித்தால் 2-ம் 63-ம் ஒரே தாளில் பக்கம் பக்கமாக நிற்கும். வரிசை குழம்பினால் தலை சுற்றும். தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வையுங்கள், மறுபக்க எழுத்து தெரியாது. 400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 400 புள்ளி, வண்ணத்தில். கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கும் வண்ணமேதான். 150-க்கு இறங்கினால் படத்தின் அச்சுப் புள்ளிகள் கோலம்போல அலையடிக்கும். மூலக் கோப்பை, படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் வையுங்கள். விளம்பரப் பக்கத்தையும் விடாதீர்கள்; பல்பொடி விளம்பரம்தான் சிலருக்கு முதலில் நினைவுக்கு வரும்!

ஹார்ட் டிஸ்க் செத்தால் என்ன செய்வீர்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். வருடம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். உங்கள் காலிகோ துணி அட்டைப் புத்தகத்துக்கு இரண்டாம் பிரதி ஏது?

பிரித்த தாள்களை உறையில் போட்டுத் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் முடிந்தபின் பைண்டு செய்தாலும் எனக்கு வழக்கில்லை. மணி அடித்துவிட்டார் நடுவர். அடுத்து வரும் எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: தையலுக்குள் போன வரியின் கடைசி எழுத்தை எந்தப் பக்கம் திருப்பிப் படிப்பது?