குழியில் விழுந்த ஒற்றன்: ஜப்பானியப் போர்களில் ஷினோபிகள்

நண்பர்களே,

1638ஆம் ஆண்டுத் தொடக்கம். ஜப்பானின் தென்மேற்கே கியூஷூ தீவில், ஹாரா என்ற கடலோரக் கோட்டையை, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் படை வளைத்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஷிமாபாரா, அமகுசா பகுதிகளின் கலகக்காரர்கள். பெரும்பாலும் குடியானவர்கள், கிறிஸ்தவர்கள். பெண்டு பிள்ளைகளையும் சேர்த்து 37,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வெளியே நிற்பவர்கள் 1,00,000க்கும் மேல். எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, தலைமை ஏற்க வந்த மட்சுதைரா நோபுட்சுனா, வரும் வழியில் கோகா மாவட்டத்திலிருந்து 10 பேரைச் சேர்த்துக்கொண்டார். இன்று உலகம் நிஞ்சா என்று சொல்கிறதே, அந்த வகை ஆட்கள். அன்றைய பெயர் ஷினோபி.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை அளப்பது. அகழியிலிருந்து இரண்டாம் சுற்று மதில் வரை எவ்வளவு தூரம், அகழி எவ்வளவு ஆழம், பாதை சேறா கட்டாந்தரையா, மதில் எவ்வளவு உயரம், துப்பாக்கி நீட்டும் துளைகள் எந்த வடிவம். இருட்டில் தவழ்ந்து போய்ப் பார்த்து, வரைபடமாக்கிக் கொடுத்தார்கள். அது எடோவில் இருந்த ஷோகனுக்குப் போனது. இந்த அளவுகள் இல்லாமல் ஏணி கட்ட முடியாது. ஏணி ஒரு முழம் குட்டையாகப் போனால் என்ன ஆகும் என்பதை மதிலடியில் நின்றவன்தான் சொல்ல முடியும். பெரும்பாலும் அவன் சொல்ல உயிரோடு இருக்கமாட்டான்.

இரண்டாவது வேலை, உணவு மூட்டைகளைத் திருடுவது. 13 மூட்டைகளைக் கொண்டுவந்ததாகக் குறிப்பு இருக்கிறது. மூன்றாவது, கோட்டைக்குள்ளேயே நுழைவது. அங்கேதான் தகராறு. நுழைந்தவர்களில் ஒருவர் இருட்டில் குழிக்குள் விழுந்தார். சத்தம் கேட்டுக் காவலர்கள் தீப்பந்தத்தோடு ஓடிவந்துவிட்டார்கள். கூட வந்தவர் அவரை மேலே இழுத்து, கல்லடிக்கு நடுவே இருவரும் தப்பினார்கள். கையில் எதிரியின் கொடி ஒன்று இருந்தது. காயம் ஆற 40 நாள் ஆயிற்று.

சரி, இரவில் சுவரேறுவதை விட்டுவிட்டு, ஒருவர் குடியானவர் வேடத்தில் உள்ளே போய்க் கலந்துவிடக் கூடாதா? கூடாது என்பதில்லை, முடியவில்லை. கோகா இருப்பது கியோட்டோவுக்குப் பக்கம். அந்த ஊர்க்காரர்களுக்குக் கியூஷூப் பேச்சு சரியாகப் புரியவில்லை. கலகக்காரர்கள் புழங்கிய கிறிஸ்தவச் சொற்கள் அதைவிடப் புரியவில்லை. வாயைத் திறந்தால் அகப்பட்டுக்கொள்வார்கள்.

உள்ளே உணவு எவ்வளவு மிச்சம் என்பது கடைசியில் வேறு வழியில் தெரிந்தது. கலகக்காரர்கள் ஓர் இரவு வெளியே பாய்ந்து தாக்கினார்கள், பலர் செத்தார்கள். விழுந்த உடல்களின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கச் சொன்னார்கள். கடற்பாசியும் கொஞ்சம் பார்லியும்தான் இருந்தன. ஒரு வாரத்தில் கோட்டை விழுந்தது.

இந்த ஒரு முற்றுகையிலேயே ஷினோபியின் தொழில் முழுவதும் இருக்கிறது, அதன் எல்லையும் இருக்கிறது. ஷினோபி என்றால் மறைந்திருப்பவன், பொறுத்திருப்பவன். அதே எழுத்துகளை நிஞ்சா என்று வாசிக்கும் வழக்கம் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான். 1603இல் நாகசாகியில் ஏசு சபையினர் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதியில் ஷினோபி என்ற சொல் இருக்கிறது. கோட்டைக்கோ பாசறைக்கோ இரகசியமாகப் போய் உளவறிபவன் என்பது அங்கே பொருள். ஆண்ட பிரபுக் குடும்பத்துக்கு ஏற்ப, ஊருக்கு ஊர் பெயரும் வேறு. ஹோஜோ நாட்டில் ரப்பா, தகேடா நாட்டில் சுப்பா, உவேசுகி நாட்டில் நோகிசாரு, அதாவது இறவாரக் குரங்கு. கிழக்குப் பகுதிகளில் குசா என்றும் சொன்னார்கள். குசா என்றால் புல். எல்லையில் புல்லுக்குள் இரவெல்லாம் படுத்துக் கிடந்து, வருகிறவனைப் பிடிப்பவன்.

இந்தத் தொழிலின் கைநூல்களில் பெரியது பான்சென்ஷூகாய். கோகாவை அடுத்த இகா நாட்டைச் சேர்ந்த ஃபுஜிபயாஷி 1676இல் தொகுத்தது. கீஷூவைச் சேர்ந்த நடோரி எழுதிய ஷோனின்கி 1681இல் வந்தது. பான்சென்ஷூகாய் தொழிலை இரண்டாகப் பிரிக்கிறது. யோனின் என்பது வெளிச்சத்தில் செய்வது: முகம் தெரியும், ஆள் யார் என்பது தெரியாது. இன்னின் என்பது இருட்டில் செய்வது: ஆளே தெரியக் கூடாது.

வெளிச்சத்து வேலைக்கு ஷோனின்கி 7 வேடங்களைச் சொல்கிறது. கூடை கவிழ்த்த மாதிரித் தொப்பி போட்டுப் புல்லாங்குழல் ஊதித் திரியும் கொமுசோ துறவி, பௌத்தப் பிக்கு, மலையில் தவம் செய்யும் யமபுஷி, வியாபாரி, தெருவித்தைக்காரன், சருகாகு நாடக நடிகன், ஏழாவதாகச் சாதாரண ஊர்க்காரன். முதல் ஆறும் ஊர் ஊராகத் திரியும் உரிமை உள்ளவர்கள். எல்லைச் சாவடியில் ‘ஏன் வந்தாய்?’ என்ற கேள்விக்கு வேடமே பதில். ஆனால் உடுப்பு மட்டும் போதாது. கொமுசோ என்றால் குழல் ஊதத் தெரிய வேண்டும், யமபுஷி என்றால் மந்திரம் தெரிய வேண்டும், வியாபாரி என்றால் சரக்கின் அன்றைய விலை தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் ஏழிலும் கடினமானது ஏழாவது வேடம்தான். ஊர்க்காரனாக நடிக்க அந்த ஊர்ப் பேச்சு வேண்டும். ஹாராவில் இல்லாமல் போனது அதுதான்.

கையில் என்ன எடுத்துப் போனார்கள்? ஷோனின்கி 6 பொருள்களைச் சொல்கிறது: முகம் மறைக்கும் பின்னல் தொப்பி, கொக்கிக் கயிறு, கல் எழுதுகோல், மருந்து, மூன்று ஷாகு நீளத் துணி, தீ மூட்டும் பொருள். ஷாகு என்பது ஏறக்குறைய 30 செ.மீ.; ஆக துணி 90 செ.மீ. தலையில் கட்டலாம், காயத்துக்குக் கட்டலாம், கயிறாக முறுக்கலாம். ஆறில் எதையும் காவலன் சோதித்தால் குற்றம் சொல்ல முடியாது. கொக்கிக் கயிற்றுக்கு மட்டும்தான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும். எறிநட்சத்திரம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இருட்டு வேலைக்கு வருவோம். எந்த இரவில் நுழைவது என்பதற்குப் பான்சென்ஷூகாய் 8 இரவுகளைச் சொல்கிறது. கல்யாணம் முடிந்த மறு இரவு. நோயாளி தேறிய இரவு. விருந்தும் கூத்தும் நடந்த இரவு. பக்கத்து வீட்டில் தீயோ வேறு விபரீதமோ நடந்து அடங்கிய இரவு. கட்டட வேலையில் எல்லாரும் அலுத்துப் படுத்த இரவு. துக்கம் கழிந்த இரவு. காற்றும் மழையுமான இரவு. ஊர் கலவரப்பட்ட இரவு. இதன் பின்னால் இருக்கும் கணக்கைப் பாருங்கள். துக்கம் நடக்கும் இரவைச் சொல்லவில்லை, அது முடிந்த இரவைச் சொல்கிறது. நோயாளிக்கு மோசமாக இருக்கும்போது வீட்டார் கண் மூட மாட்டார்கள். தேறிவிட்டான் என்றதும் ஒரு வாரத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குவார்கள். எழுதியவர் சுவரைவிடத் தூக்கத்தை நன்றாக அறிந்தவர்.

நாய் பெரிய தொல்லை. அதற்கு முன்கூட்டியே சோற்றுருண்டை போட்டு வைக்கச் சொல்கிறார்கள்; அதில் மாச்சின் என்ற விதைத்தூளைக் கலக்க வேண்டும். மாச்சின் வேறொன்றுமில்லை, நம் ஊர் எட்டிக்கொட்டைதான். ஜப்பானில் விளையாத மரம். தெற்கு ஆசியாவிலிருந்து கடல் கடந்து மருந்துச் சரக்காகப் போன விதை, அங்கே நாயின் வாயில் போய் முடிந்தது.

நுழைந்த பிறகு? பெரும்பாலும் தீ வைப்பதுதான். 14ஆம் நூற்றாண்டுப் போர்களைச் சொல்லும் தைஹேகியிலேயே இது வருகிறது: 1338இல், மழையும் காற்றுமான இரவில், ஓட்டோகோயாமா குன்றின் மேலிருந்த ஹச்சிமான் கோயிலுக்கு ஷினோபிகள் நெருப்பு வைத்தார்கள். குன்றில் அரண் அமைத்திருந்த படை கலங்கிப்போனது. மழை இரவில் தீ வைப்பது எளிதா? நெருப்பை உள்ளே கொண்டுபோவதே முதல் சிக்கல். சிக்கிமுக்கிக் கல் தட்டினால் ஓசை, பொறி. நனைந்தால் அதுவும் இல்லை. அதனால் டோனோஹி என்ற செப்புக் குழாய். கருக்கிய நார்ப் பொருளை உள்ளே திணித்து, கங்கு வைத்து, மூச்சுத்துளை உள்ள மூடியால் மூடி மடியில் வைத்துக்கொள்வார்கள். சுவாலை இல்லாமல் பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். தளர்வாகத் திணித்தால் சீக்கிரம் எரிந்து தீரும், இறுக்கித் திணித்தால் மூச்சு முட்டி அணையும். நடுவில் கைப்பக்குவம்.

தீயால் எரிவது வைக்கோலும் கூரையும். ஆனால் கோட்டையை விழ வைப்பது இன்னொன்று. வெளியே எதிரி நிற்கும்போது உள்ளே தீ எழுந்தால், காவல்படையின் மனத்தில் முதலில் வருவது ‘நம்மில் எவனோ துரோகி’ என்பதுதான். 1562இல் மிகாவா நாட்டுக் கமினோகோ கோட்டையில் நடந்தது இது. பின்னாளில் டோக்குகாவா ஷோகனாகப் போகிற இயேயாசு அப்போது இளம் தலைவர். கோகா ஆட்களை அமர்த்தி இரவில் உள்ளே அனுப்பினார். அவர்கள் காவல்படையினர் போலவே உடுத்தி, ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிக்கொண்டே ஓடினார்களாம். அடிபட்டவர்கள் சொந்த ஆட்களே மாறிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். பிறகு கோபுரங்களில் தீ. கோட்டைத் தலைவர் ஊடோனோ நாகதேரு கொல்லப்பட்டார், அவருடைய இரண்டு மகன்கள் பிடிபட்டார்கள். அந்த இருவரைக் கொடுத்துத்தான், இமகாவா என்ற பிரபுக் குடும்பத்திடம் பிணையாக இருந்த தன் மனைவியையும் மகனையும் இயேயாசு மீட்டார். பேசாமல் வெட்டினார்கள் என்பதையும் ஹாராவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பேச்சு காட்டிக்கொடுக்கும் இடத்தில் வாய் மூடியிருப்பதும் ஒரு வேடம்.

இப்படி ஆள் நுழைய முடியும் என்றால் தன் பாசறையைக் காப்பது எப்படி? கேள்வி–பதில் சொற்கள் வைத்திருந்தார்கள். ‘கடல்’ என்றால் ‘உப்பு’, ‘தீ’ என்றால் ‘புகை’ என்பது போல. ஆனால் கூடாரத்தின் ஓரத்தில் ஒட்டிக் கேட்டால் சொல் திருடு போய்விடும். ஹாராவிலும் கோகாக்காரர்கள் அடையாளச் சொற்களை அறிந்துவந்ததாகக் குறிப்பு உண்டு. அதற்கு மாற்றாக ஓர் உத்தி: தாச்சிசுகுரி, இசுகுரி. குறிப்பிட்ட சைகை வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். தாமதிப்பவன் வேற்றாள். ஹோஜோ கோதாய்கி என்ற நூல் இதற்கு ஒரு கதை சொல்கிறது. ஹோஜோவின் ரப்பா தலைவன் ஃபூமா 200 ஆட்களோடு இரவுதோறும் தகேடா கட்சுயோரியின் பாசறையைக் கலைத்தான். 200 பேரில் மலைக்கொள்ளையர், கடற்கொள்ளையர், வீடு புகுபவர், திருடர் என்று நான்கு வகை இருந்ததாம். எந்த அரசும் பெருமையோடு வெளியே சொல்லிக்கொள்ளும் படையல்ல. நொந்துபோன தகேடா ஆட்களில் சிலர், திரும்பிப் போகும் ரப்பாக்களோடு இருட்டில் கலந்து ஃபூமாவைக் கொல்லப் போனார்கள். பந்தம் ஏற்றி, சைகை கொடுத்ததும் ரப்பாக்கள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்கள். எழாமல் இருந்தவர்கள் அங்கேயே வெட்டப்பட்டார்கள். நூல் 1641இல் எழுதப்பட்டது. கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். உத்தி பான்சென்ஷூகாயிலும் இருக்கிறது.

இகா, கோகா என்ற இரண்டு இடங்களின் பெயர் மட்டும் நிலைத்தது ஏன்? இரண்டும் மலைசூழ்ந்த பக்கத்து நிலங்கள். தலைநகர் கியோட்டோ கிட்டத்தில். இரண்டிலும் ஒரே பெரிய பிரபு கிடையாது. சின்னச் சின்ன நிலக்கிழார்கள், ஒவ்வொருவருக்கும் மண்மதில் வைத்த வீடு. இகாவில் மட்டும் அப்படி 600க்கும் மேல். 1560களைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இகா கூட்டமைப்பின் ஒப்பந்தம் 11 விதிகளோடு கிடைத்திருக்கிறது. எதிரி நுழைந்தால் ஊருக்கு ஊர் மணி அடிக்க வேண்டும். 17 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் களத்துக்கு வர வேண்டும். குடியானவன் ஒருவன் எல்லையில் எதிரியின் கோட்டையைப் பிடித்துக் கொடுத்தால் அவனைச் சாமுராய் ஆக்குவோம் என்றும் ஒரு விதி. ஓயாமல் பக்கத்து மதிலை நோட்டம் விட்டு வாழ்ந்தவர்களுக்கு இந்தத் தொழில் வீட்டுப் பாடம். வெளியூர்ப் பிரபுக்கள் கூலிக்கு அமர்த்தியது பிறகு.

1579இல், ஜப்பானைத் தன் கீழ் கொண்டுவந்துகொண்டிருந்த பெரும்பிரபு ஓடா நோபுனாகாவின் மகன் நோபுகாட்சு, தந்தையைக் கேட்காமல் இகாவுக்குள் படையெடுத்தார். மலைக் கணவாய்களில் அடிவாங்கித் திரும்பினார், தந்தையிடம் கடிதத்தில் திட்டும் வாங்கினார். 1581இல் தந்தையே 40,000க்கும் மேற்பட்ட படையைப் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பினார். இகா எரிந்தது. கணவாய் ஒன்றிரண்டில் மறைந்திருந்து தாக்குபவன் எல்லாக் கணவாயிலும் நிற்க முடியாது. உள்ளூரிலேயே சிலர் வழிகாட்டவும் செய்தார்கள்.

அடுத்த ஆண்டு நோபுனாகா கியோட்டோவில் தாக்கப்பட்டு மாள, சாகாய் ஊரில் சொற்ப ஆட்களோடு மாட்டிக்கொண்ட இயேயாசு இகா மலைவழியே ஊர் திரும்பினார். துணை வந்த இகாக்காரர்களைப் பின்னர் வேலைக்கு எடுத்தார். அவர்களுக்குத் தலைவர் ஹத்தோரி ஹான்சோ. குடும்பம் இகாவிலிருந்து வந்தது, அவர் பிறந்தது மிகாவாவில், பெயர் வாங்கியது ஈட்டிப் போரில். டோக்கியோ அரண்மனையின் ஹான்சோ வாசல் அவர் பெயரைத்தான் தாங்குகிறது. டோக்குகாவா ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் இகா, கோகா ஆட்கள் கோட்டை வாசல்களுக்குக் காவலாக நின்றார்கள். வாசலை ஏமாற்றி நுழையத் தெரிந்தவனை வாசலில் நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது. சம்பளம்தான் குறைவு.

ஹாராவுக்குப் பிறகு பெரிய போர் இல்லை. பான்சென்ஷூகாய் எழுதப்பட்டது அதற்கு 38 ஆண்டுகள் கழித்து. இதை மறந்து படித்தால் ஏமாந்துபோவோம். மிசுகுமோ என்ற ‘நீர்ச்சிலந்தி’யை எடுத்துக்கொள்ளுங்கள்: வளைந்த பலகைகளை வட்டமாகக் கோத்தது, குறுக்களவு ஏறத்தாழ 65 செ.மீ. இரண்டு காலிலும் கட்டிக்கொண்டு தண்ணீர் மேல் நடப்பார்கள் என்று படம் போடுகிறார்கள். 65 செ.மீ. வட்டம், முழுப் பலகை, 2.5 செ.மீ. கனம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 8 லிட்டர் சொச்சம். இலேசான மரம் என்றால் தன் எடை போக 5 கிலோ தாங்கும். இரண்டு காலுக்கும் 10 கிலோ. 60 கிலோ ஆள் முங்கிவிடுவான். சேற்றகழியில் உட்கார்ந்து தள்ளிப் போகும் மிதவையாக இருந்திருக்கலாம் என்பது பொருந்துகிறது. சேறு தண்ணீரைவிடத் தாங்கும்.

1789இல் கோகாவின் வழிவந்தவர்கள் சிலர் பான்சென்ஷூகாயின் படி ஒன்றை எடுத்துக்கொண்டு எடோ போனார்கள். வறுமை. எங்கள் முன்னோர் இவ்வளவும் அறிந்தவர்கள், எங்களுக்கு வேலை கொடுங்கள் என்று அரசாங்கத்திடம் மனு. நீர்ச்சிலந்தியின் படமும் உள்ளேதான் இருந்தது.