ஆரத்தித் தட்டு முதல் ரப்பர் ஸ்டோர் வரை

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்ததும் ஆரத்தி சிவந்துவிடுவதை நாம் எல்லாரும் அறிவோம். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறமி, சுண்ணாம்பின் காரத்தன்மையால் நிறம் மாறுகிறது. எலுமிச்சையைப் போதிய அளவு பிழிந்தால் பழைய மஞ்சள் திரும்பிவிடும். ஆயினும் மஞ்சளை ஓர் அரைகுறை நிறங்காட்டி என்றே சொல்வேன். தூய நீரிலும் அமிலத்திலும் அது ஒரே மஞ்சளாக நிற்பதால், இரண்டையும் அதைக் கொண்டு பிரித்தறிய முடியாது. நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றும் சங்குப்பூ இதைவிடத் திறமையானது: அதன் சாறு அமிலத்தில் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிச் செல்லும், காரத்தில் பச்சையாகும். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் பயன்படுத்தும் பூஞ்சுத் தாளும் (லிட்மஸ் தாள்) இந்த வேலையைத்தான் செய்கிறது.

நிறம் வெளி அடையாளம். உள்ளே நடப்பது ஹைட்ரஜன் அயனி என்னும் மின்சுமை கொண்ட துகளின் கைமாற்றம். அதைக் கொடுப்பது அமிலம், பெறுவது காரம் என்று 1923ஆம் ஆண்டில் பிரான்ஸ்டெட், லௌரி என்னும் வேதியியலாளர்கள் இருவரும் தனித்தனியே வரையறுத்தனர். இந்த ஊரில் அதை விளக்க ரப்பர்ப் பாலே போதும்.

மரத்திலிருந்து வடியும் பால் ஏறக்குறைய நடுநிலையானது. அதில் மிதக்கும் நுண்துகள்களைப் போர்த்தியிருக்கும் புரதமும் கொழுப்பும் எதிர்மின்சுமை கொண்டிருப்பதால், துகள்கள் ஒன்றையொன்று விலக்கியபடி ஒட்டாமல் இருக்கின்றன. பாலைப் பதப்படுத்தும் ஸ்டோரில் நீர்த்த பார்மிக் அமிலத்தைச் சேர்த்து, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5க்கு அருகில் இறங்கியதும், அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகள் அந்தச் சுமையைப் போக்கிவிட, துகள்கள் சேர்ந்து பால் உறைகிறது. கோப்பையிலேயே விட்ட பால் தானாகக் கட்டிப்பாலாவதற்கும் அமிலமே காரணம். அதை ஊற்றுவது மனிதர் அல்லர், பாலில் பெருகும் பாக்டீரியா. பால் உறையாமலிருக்க அம்மோனியா என்னும் காரத்தைச் சேர்ப்பதும் இதனால்தான்.

பி.எச். அளவுகோல் 1909ஆம் ஆண்டில் சோரென்சென் என்னும் வேதியியலாளர் தந்தது. அதில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். பார்மிக் அமிலத்தை வலுக்குறைந்த அமிலம் என்று பாடநூல் சொல்வதைக் கேட்டு யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. நீரில் அதன் மூலக்கூறுகளுள் சிறு பகுதியே அயனிகளாகப் பிரிகிறது என்பதுதான் அதன் பொருள். செறிந்த நிலையில் அது தோலைப் புண்ணாக்கிவிடும்.

இனி உப்பு, அதாவது அமிலமும் காரமும் சேர்ந்து உண்டாகும் பொருள். அம்மோனியா கலந்த பாலை உறைய வைக்கக் கூடுதல் அமிலம் தேவைப்படும், ஏனெனில் ஊற்றியதில் ஒரு பங்கு அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் பார்மேட் என்னும் உப்பாகிவிடுகிறது. உப்பு என்றாலே நடுநிலை என்பது பரவலான எண்ணம். சாப்பாட்டு உப்புக்கு அது பொருந்தும், எல்லா உப்புக்கும் பொருந்தாது. செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) உரமாக இடும் அம்மோனியம் சல்பேட்டும் உப்புதான். ஆனால் அதைத் தொடர்ந்து இட்டால் மண்ணில் அமிலத்தன்மை ஏறும். குறிப்பாக, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படுகின்றன. அந்த அமிலத்தன்மையைத் தணிக்க இடும் டோலமைட் என்னும் கல்பொடியும் ஓர் உப்பே. அதிலுள்ள கார்பனேட் அந்த அயனிகளைப் பெற்றுக்கொள்வதால், அது காரமாக வேலை செய்கிறது.