அழுத பிள்ளையும் மாஸ்கோ பெப்சியும்

(தேசிய நுகர்வோர் நாளில் எங்கள் ஊர் நுகர்வோர் மன்றத்தில் பேசியது)

தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, விடிகாலையிலிருந்து பந்தல் வேலை பார்த்த மன்றத் தம்பிகளே, அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். ஐயாவிடம் படித்தவன் நான். "அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று ஐயா வகுப்பில் அடிக்கடி சொல்வார். இன்று எனக்கு அந்தப் பழமொழி போதும். கடையில் குறை இருந்தால் புகார் எழுதத் தயங்கக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன், ரஷ்யா சோவியத் நாடாக இருந்த காலத்துக் கதை ஒன்று.

சோவியத் மக்கள் அமெரிக்கப் பொருள்களை எப்படிப் பார்த்தார்கள்? டப்பா இறைச்சி, பெப்சி, மெக்டொனால்ட்ஸ் உணவகம், இந்த மூன்றையும் வைத்துச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவுக்கு அமெரிக்கா கப்பல் கப்பலாகப் பன்றி இறைச்சி டப்பாக்களை அனுப்பியது. சோவியத் தலைவர் ஸ்டாலின் கேட்டதோ, ஜெர்மனியை மேற்கிலிருந்தும் தாக்க ஐரோப்பாவில் இரண்டாவது போர்முனை. பிரான்சில் அது திறப்பதற்கு 1944 ஜூன் ஆகிவிட்டது. அதுவரை காத்துக்கிடந்த சிப்பாய்கள் அந்த டப்பாவுக்கே 'இரண்டாவது போர்முனை' என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் திறந்தார்கள். ஆனால் அந்த இறைச்சி இல்லாமல் படைக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்று, ஸ்டாலினுக்குப் பின் சோவியத் தலைவரான குருஷேவ் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

அந்தக் குருஷேவின் கதைக்கு வருகிறேன். 1959 ஜூலை 24. மாஸ்கோ சொகோல்னிகி பூங்காவில் அமெரிக்கக் கண்காட்சி, மறுநாள் மக்களுக்குத் திறக்கப்போகிறது. அமெரிக்கத் துணை அதிபர் நிக்சன் குருஷேவுக்குச் சுற்றிக் காட்டுகிறார். ஒரு மாதிரி வீடு, அதற்குள் மாதிரிச் சமையலறை. அமெரிக்கத் தொழிலாளி வாழும் வீடு இதுதான் என்கிறார்கள். சோவியத் செய்தி நிறுவனம் என்ன எழுதியது தெரியுமா? இதைத் தொழிலாளி வீடு என்பது தாஜ் மகாலைப் பம்பாய் ஆலைத் தொழிலாளியின் வீடு என்பது போல என்று எழுதியது. நம் தாஜ் மகால் அங்கே போய் நின்றிருக்கிறது பாருங்கள்! தேநீருக்கு எலுமிச்சை பிழிய ஒரு கருவி இருந்தது. கையால் பிழிந்தால் இதைவிடச் சீக்கிரம் வேலை முடியுமே என்றார் குருஷேவ். இங்கே இருக்கும் தாய்மார்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

நல்ல வெயில். பெப்சி நிறுவனத்தின் கெண்டல் என்ற அதிகாரி முந்தின இரவே நிக்சனைப் பார்த்து, எப்படியாவது குருஷேவை எங்கள் கடைப் பக்கம் அழைத்து வாருங்கள் என்று கேட்டு வைத்திருந்தார். அழைத்து வந்தார்கள். மேசையில் இரண்டு வகைப் பெப்சி. ஒன்று அமெரிக்காவில் செய்தது, மற்றது மாஸ்கோத் தண்ணீரில் கலந்தது. குருஷேவ் இதைக் குடித்தார், அதைக் குடித்தார், கூட நின்றவர்களுக்கும் கொடுக்கச் சொன்னார். பிறகு தீர்ப்பு: மாஸ்கோத் தண்ணீரில் செய்ததே நன்றாக இருக்கிறது! கேமராக்கள் படம் எடுத்துத் தள்ளின. கெண்டலுக்கு வேறென்ன வேண்டும்? 1963இல் அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். 1972இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் போட்டார், பெப்சிக்குப் பதிலாக அவர்களுடைய வோட்கா மது. 1974இல் கருங்கடல் ஓரம் நவரசீஸ்க் நகரில் ஆலையே ஓடியது.

சரி, மக்கள் என்ன சொன்னார்கள்? சுமார் 27 லட்சம் பேர் அந்தக் கண்காட்சியைப் பார்த்தார்கள். பெப்சியில் செருப்புப் பாலீஷ் வாடை அடிக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. கருத்து எழுதுவதற்காக அங்கே நோட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். பாராட்டி எழுதினார்கள். இது என்ன பெரிய கடை மாதிரி இருக்கிறது, எந்திரங்கள் எங்கே, அறிவியல் எங்கே என்று கேட்டும் எழுதினார்கள்.

அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் சோவியத் கடை ஒவ்வொன்றிலும் புகார்ப் புத்தகம் இருந்தாக வேண்டும். ஒரு பொருள் வாங்க அங்கே மூன்று வரிசை: விலை கேட்க ஒன்று, பணம் கட்ட ஒன்று, பொருளை வாங்க இன்னொன்று. எங்கே எது கிடைக்கும் என்று தெரியாததால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு வலைப்பை. அதன் பெயர் அவோஸ்கா, 'ஒருவேளைப் பை' என்று சொல்லலாம். இவ்வளவு சிரமத்திலும் அந்தப் புத்தகத்தைக் கொடு என்று கேட்டு எழுதியவர்கள் இருந்தார்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும்! 1990 ஜனவரி 31 அன்று மாஸ்கோ புஷ்கின் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது முதல் நாளே 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பொருள் கொடுத்ததுதான் பலருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

நம் விஷயத்துக்கு வருவோம். போன மாதம் ஒரு கடையில் பருப்பு எடை குறைந்தது. புகார்ப் பதிவேட்டைக் கேட்டேன். பீரோவில் இருக்கிறது என்றார்கள். பீரோவைத் திறங்கள் என்றேன். சாவி வேறொருவரிடம் இருக்கிறதாம். மூன்று நாள் நடந்தேன், நாலாம் நாள் பதிவேடு வந்தது. முதல் பக்கம்கூட எழுதப்படாமல், புத்தம் புதிதாக இருந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி, "எழுதினா அடுத்த மாசம் அரிசி தருவாங்களா தம்பி?" என்று கேட்டார். அந்தப் பயம் போக வேண்டும் ஐயா!

பதிவேடு மேசைமேல், எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். எழுதியவருக்கு ஏழு நாளில் பதில் வர வேண்டும். வருகிற ஜனவரி 26 கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்ற ஊராட்சித் தலைவர் அம்மா உதவ வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் அம்மா, நாங்கள் சேர்ந்து அழுகிறோம்.

வாசல் மேசையில் கையெழுத்துத் தாள் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் உண்டு. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.