1950: பிரிட்டனில் வானொலியோடு ஒரு நாள்

[திரையில்: மரப்பெட்டி வானொலி, நிலையங்களின் பெயர்கள் ஒளிரும் கண்ணாடித் தகடு]

1950 நவம்பரில் ஒரு வேலை நாள். போர் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் பிரிட்டனில் இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் இன்னும் ரேஷன்தான். தொலைக்காட்சி உரிமங்கள் பத்து லட்சத்தைக்கூட எட்டவில்லை. வானொலி உரிமங்களோ ஒரு கோடியைத் தாண்டியிருந்தன. ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணம் செலுத்தினால் போதும், விளம்பரமே இல்லாமல் பிபிசியின் நிகழ்ச்சிகளைக் கேட்கலாம்.

அப்போது பிபிசிக்கு மூன்று சேவைகள். செய்திக்கும் நாடகத்துக்கும் பேச்சுக்கும் ஹோம் சர்வீஸ். மாலையில் மட்டும் ஒலித்த தேர்ட் புரோகிராமில் செவ்வியல் இசையும் இலக்கியமும். மூன்றாவதாக, 1945 ஜூலையில் தொடங்கிய லைட் புரோகிராம். பாட்டும் சிரிப்பும் தொடர்கதையுமாக நாட்டையே தன் பக்கம் இழுத்தது இதுதான்.

இந்த ஒரு நாளை நெருங்கிப் பார்த்தால் ஒன்று தெரியும். இந்த நேரத்தில் யார் கேட்கிறார்கள், அவர்கள் கை என்ன வேலையில் இருக்கிறது என்று யோசித்து யோசித்துத்தான் நிகழ்ச்சிகளை அமைத்திருக்கிறார்கள்.

[திரையில்: காலை 9.10]

கணவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் கிளம்பியாயிற்று. அடுக்களையில் பாத்திரங்கள் கிடக்கின்றன. அப்போது தொடங்குகிறது 'ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்', அதாவது இல்லத்தரசிகளின் நேயர் விருப்பம். பெண்கள் அஞ்சலட்டை எழுதிப் போட, கேட்ட பாட்டு இசைத்தட்டிலிருந்து ஒலிக்கும்.

நமக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய பிபிசி நினைத்தபோதெல்லாம் இசைத்தட்டு போட முடியாது. இசைத்தட்டு நிறுவனங்களுடனான ஒப்பந்தப்படி, இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. இசைத்தட்டே எல்லா நேரத்தையும் எடுத்துக்கொண்டால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று இசைக்கலைஞர் சங்கமும் கட்டுப்பாட்டில் உறுதியாக நின்றது. அதனால் மற்ற நேரங்களில் இசைக்குழுக்கள் நேரில் வந்து வாசித்தன. தங்களுக்குப் பிடித்த பாடகரின் அதே குரலைக் கேட்க ஒரு அஞ்சலட்டையோடு காத்திருந்தவர்களின் ஆவலை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

[திரையில்: தொழிற்சாலைக் கூடம், சுவரில் ஒலிபெருக்கிகள்]

பத்தரை மணி. தறிகளும் கடைசல் இயந்திரங்களும் ஓடும் கூடங்களில் 'மியூசிக் வைல் யூ ஒர்க்'. 1940 ஜூனில், போர்க்காலத்தில், ஆயுத உற்பத்தி தளராமல் இருக்கத் தொடங்கிய அரைமணி நேர இசை இது. எனக்கு இந்த நாளில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதன் ஒவ்வொரு விதிக்கும் தொழிற்சாலையில் ஒரு காரணம் உண்டு. மெட்டுகளுக்கு நடுவே அறிவிப்பாளர் பேசமாட்டார், பேசினாலும் இரைச்சலில் காதில் விழாது. மென்மையான வாசிப்பு கூடாது, அதுவும் கேட்காது. தூக்கம் வரவழைக்கும் மெதுவான மெட்டுக்கு இடமில்லை. டெக்சாஸைப் பற்றிய ஒரு பிரபலமான பாட்டில் நடுநடுவே கைதட்டல் வரும். அதற்குத் தடையே போட்டார்கள். தொழிலாளர்கள் கையிலிருக்கும் கருவியால் இயந்திரத்தின் மேல் தாளம் தட்டிவிடுவார்கள் என்ற பயம்!

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வானொலியே தொழிற்சாலைக்குப் போய்விடும். 'ஒர்க்கர்ஸ் பிளேடைம்' 1941 மே மாதம் தொடங்கியது. கேன்டீனில் ஒரு சிறு மேடை, ஒரு பியானோ, பாடகர்கள், நகைச்சுவைக் கலைஞர்கள். போர்க்காலத்தில் எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள், எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதே. அந்த மேடையில் மேஸ்திரியைக் கிண்டல் செய்தால் கூடமே அதிரும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைச் சிரிக்கவைப்பது எளிதல்ல. பின்னாளில் பெயர் வாங்கிய பலர் அங்கே தேறியவர்கள்.

[திரையில்: பிற்பகல் 1.45]

இப்போது ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் முறை. 'லிசன் வித் மதர்', அதே ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பதினைந்து நிமிடக் கதை நேரம். "வசதியாக உட்கார்ந்துவிட்டீர்களா? அப்படியானால் தொடங்குகிறேன்" என்று கதை சொல்பவர் கேட்பார். ஜூலியா லாங் என்ற அறிவிப்பாளர் எழுத்தில் இல்லாமல் வாயில் வந்ததைச் சொன்ன வரி அது. அதுவே நிகழ்ச்சியின் அடையாளமாக நிலைத்துவிட்டது.

குழந்தை தூங்கப் போனால், இரண்டு மணிக்கு அம்மாவுக்கு 'உமன்ஸ் அவர்'. 1946 அக்டோபரில் இதைத் தொடங்கி வைத்துப் பேசியவர் ஓர் ஆண்! அந்தக் குறை சீக்கிரமே சரிசெய்யப்பட்டது. மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றி 1940களிலேயே வெளிப்படையாகப் பேசிய துணிச்சல் இதற்கு உண்டு. நாலு மணிக்கு டீயோடு 'மிஸஸ் டேல்ஸ் டைரி'. புறநகர் மருத்துவர் ஒருவரின் மனைவி, தன் கணவர் ஜிம்மைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பார். தவறவிட்டவர்களுக்கு மறுநாள் காலையில் மறு ஒலிபரப்பு.

[திரையில்: மாலை 6.45; வெறிச்சோடிய தெரு]

ஐந்து மணியின் சிறுவர் நேரம் முடிந்து, ஆறு மணிச் செய்தியும் முடிந்தது. வேகமாக ஓடும் வயலின்கள் ஒலிக்கின்றன. 'டிக் பார்ட்டன், ஸ்பெஷல் ஏஜென்ட்'. துப்பறியும் வீரன், கூடவே ஜாக், ஸ்னோவி என்று இரண்டு தோழர்கள். ஒவ்வொரு நாளும் உயிர் போகும் ஆபத்தில் கதையை நிறுத்திவிட்டுப் போவார்கள். உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டார்கள். பெரியவர்களுக்காக நினைத்த தொடரைப் பிள்ளைகள் கைப்பற்றிக்கொண்டதும், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று முணுமுணுப்பு எழுந்தது. உடனே எழுத்தாளர்களுக்கு விதிகள் வந்தன. நாயகன் குடிக்கக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. காதலியையும் கதையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

[திரையில்: இரவு, கணப்படுப்பு, குடும்பம்]

இரவு நகைச்சுவைக்கு. அந்த ஆண்டின் புது வெற்றி 'எஜுகேட்டிங் ஆர்ச்சி'. பீட்டர் பிராவின் மடியில் ஆர்ச்சி என்ற மரப்பொம்மை. உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் கலை, கண்ணுக்கே தெரியாத வானொலியில்! ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். கேட்டவர்களுக்கு ஆர்ச்சி ஒரு குறும்புப் பையன், அவ்வளவுதான். முதல் தொடரில் பாடிய சிறுமியின் பெயர் ஜூலி ஆண்ட்ரூஸ்.

இந்த நகைச்சுவைக்கும் கடிவாளம் உண்டு. 1940களின் இறுதியில் பிபிசி தயாரிப்பாளர்களுக்காக ஒரு பச்சை அட்டைக் கையேடு போட்டது. கழிவறை, தேனிலவுத் தம்பதி, பெண்களின் உள்ளாடை, முயல்களின் பழக்கவழக்கம் எதையும் வைத்து ஜோக் கூடாது. இந்த வேலிக்குள் நின்றுதான் எழுத்தாளர்கள் வாரம் தவறாமல் நாட்டைச் சிரிக்க வைத்தார்கள். இது கடினமான உழைப்பு.

கட்டுப்பாடு பிடிக்காத இளைஞர்கள் லக்சம்பர்க் நிலையத்துக்கு டயலைத் திருப்பினார்கள். இருட்டிய பிறகு அலை தெளிவாக எட்டும். அங்கே விளம்பரமும் உண்டு, புதுப் பாட்டும் உண்டு.

[திரையில்: 1951]

சில மாதங்களிலேயே இந்த அட்டவணை மாறியது. 1948இல் பர்மிங்காமில் நடந்த ஒரு கூட்டத்தில், ஹென்றி பர்ட் என்ற விவசாயி "விவசாயத்துக்கும் ஒரு டிக் பார்ட்டன் வேண்டும்" என்றார். உணவு விளைச்சலைக் கூட்ட வேண்டிய காலம். அறிவுரையை உரையாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? கதையாகச் சொன்னால் கேட்பார்கள். பிபிசி தயாரிப்பாளர் காட்ஃப்ரே பேஸ்லி அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு, ஆர்ச்சர் என்ற விவசாயக் குடும்பத்தின் கதையான 'தி ஆர்ச்சர்ஸ்' தொடரை உருவாக்கினார். 1951 மார்ச் இறுதியில் டிக் பார்ட்டன் நிறுத்தப்பட்டது. ஏப்ரலில் அதே 6.45 மணி நேரம் ஆர்ச்சர் குடும்பத்துக்குக் கிடைத்தது. 1955 செப்டம்பர் 22, வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய இரவில், இதே தொடரில் கிரேஸ் ஆர்ச்சர் என்ற இளம் மனைவி தீ விபத்தில் இறந்தாள். மறுநாள் நாளிதழ்களில் புதுத் தொலைக்காட்சியோடு அவள் சாவும் தலைப்புச் செய்தி.

ரேஷன் 1954இல் முடிந்தது. விவசாயிகளுக்கு அறிவுரை சொல்லும் பொறுப்பும் பின்னாளில் தொடரை விட்டுப் போனது. ஆர்ச்சர் குடும்பத்தின் கதை மட்டும் இன்னும் ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது.