பெசன்ட் நகரில் இருவருக்கான ஒரு மாலை

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் இருவர் மட்டும் சேர்ந்து ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க எங்கே போகலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். காதலிப்பவர்களுக்கும் சொல்கிறேன், கல்யாணமான சில ஆண்டுகளில் வீட்டுக் கடனையும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனவர்களுக்கும் சொல்கிறேன். பெசன்ட் நகருக்குப் போங்கள். ஆனால் எந்த உணவகம் என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். முதலில் நாட்காட்டியில் பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள்.

நம்முடையது கிழக்குக் கடல். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், அடுக்குமாடிகளுக்கு அப்பால் போய் மறைந்துவிடுகிறது. ஆனால் பௌர்ணமியன்று ஏறக்குறைய அதே நேரத்தில் எதிரே கடலிலிருந்து நிலா எழுகிறது. பெரிதாக, செம்மஞ்சள் நிறத்தில். மறுநாள் சுமார் ஐம்பது நிமிடம் தாமதமாக வரும். அலுவலகத்திலிருந்து ஆறு மணிக்குள் கிளம்ப முடியாதவர்களுக்கு அந்த நாள்தான் வசதி. ஐப்பசி, கார்த்திகையில் மேகத்தை நம்ப முடியாது. மாசி, பங்குனி பாருங்கள்.

பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் சாலையோரச் சுவரில் உட்கார்ந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். மணலில் இறங்கிவிடுங்கள். அங்கே வெள்ளை வளைவோடு நிற்கிற கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் முன் படம் எடுத்துக்கொள்ளாத ஜோடி இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த அவர், 1930 டிசம்பர் 30 அன்று இதே கடலில் தத்தளித்த மற்றவர்களைக் காப்பாற்ற உதவியபோது மூழ்கி இறந்தார். அது தெரிந்தவர்கள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். தெற்கே நடந்தால் வேளாங்கண்ணி மாதா கோயில், அப்புறம் அஷ்டலட்சுமி கோயில். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழா. அந்த நாட்களில் தனிமையைத் தேடி இந்தப் பக்கம் வரவேண்டாம். வடக்கே அடையாறு முகத்துவாரத்தில் இருக்கிற உடைந்த பாலம் படங்களில் அழகுதான், இருட்டிய பின் வேண்டாம்.

இடையில் ஒரு வேண்டுகோள். மணலில் தோளோடு தோள் சாய்ந்திருக்கும் இருவரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவர்களே, கடல் அந்தப் பக்கம் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, கண்ணெதிரே பொரித்துத் தரும் மீன் இவையே போதும் என்பது என் கட்சி. மேசை, நாற்காலி வேண்டும் என்றால் உள்தெருக்களில் காபிக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பல இடங்களில் பாட்டுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடுகிறது. உட்காரும் முன் சாதாரணக் குரலில் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் "என்ன?" என்று கேட்டால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம்.

புதிதாகப் பழகுபவர்களுக்குப் பேச்சு ஓடாது என்ற பயம் இருக்கும். அவர்கள் மார்கழியில் பக்கத்துத் திருவான்மியூருக்குப் போகட்டும். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா கலைப் பள்ளியில் அப்போது கலை விழா நடக்கும். ஒரு நடன நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பிடித்தது பிடிக்காதது என்று சண்டை போடவாவது விஷயம் கிடைக்கும்.

சற்றே துணிச்சலானவர்களுக்கு இன்னொன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கரையோரமாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்பார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். ஆமை தென்படும் என்ற உறுதி கிடையாது. பாதி இரவு பேசிக்கொண்டே நடக்கலாம் என்பது உறுதி. கைபேசி விளக்கை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் ஆமைகளுக்கு ஆகாது. தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் அந்த வாரம் விட்டுவிட்டு அடுத்த வாரம் போங்கள். வணக்கம்.