ரெண்டு வாய்லயே வயிறு முட்டுதா? கத்தரிக்கோலுக்கு நடுவுல மாட்டுன குடல்!

ரெண்டு வாய்தான் உள்ள போயிருக்கும். "போதும்மா, வயிறு முட்டிடுச்சு"ன்னு தட்டைத் தள்ளிடும் பிள்ளை. வீட்ல என்ன சொல்வாங்க? "நடிக்காதே!" ஆனா மக்களே, வயிறு நிஜமாவே முட்டுது.

இந்தப் பிள்ளைக்கு அனோரெக்ஸியா இருக்கலாம். அது, எடை கூடிடுமோங்கிற பயத்துல சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டே போற மனநோய். டீன் ஏஜ்லதான் அதிகம் தொடங்கும், பையன்களுக்கும் வரும். வரையறை போதும், வயித்துக்குள்ள போவோம்.

இரைப்பை ஒரு தசைப் பை. வாரக்கணக்குல பட்டினி போட்டா அது மந்தமாயிடும். போன சாப்பாடு இறங்காம அங்கயே கிடக்கும். அதான் உப்புசம், குமட்டல். குடலும் சோம்பிப்போய் மலச்சிக்கல்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். ரெண்டு விரலைக் கத்தரி மாதிரி விரிச்சு, நுனி கீழ பாக்குற மாதிரி பிடிங்க. ஒரு விரல், முதுகெலும்பை ஒட்டி இறங்குற பெருந்தமனி. இன்னொண்ணு, அதுலேர்ந்து பிரிஞ்சு குடலுக்கு ரத்தம் கொண்டுபோற தமனி. நடுவுல ஒரு பேனாவைச் சொருகுங்க. அதான் முன்சிறுகுடல். யாருப்பா இந்த இடத்துல பைப் போட்டதுன்னு என்கிட்ட கேக்காதீங்க! அது நசுங்காம காக்குறது ஒரு சின்னக் கொழுப்பு மெத்தை. எடை மளமளன்னு இறங்கினா மெத்தையும் கரையும். 10 முதல் 28 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளி 8-க்கும் கீழ போயிடலாம். கத்தரி மூடுது! சாப்பிட்டதும் மேல்வயித்துல வலி, பித்தம் கலந்த வாந்தி. குப்புறப் படுத்தா பலருக்கு வலி குறையும், ஏன்னா முன்னால இருக்குற தமனி கொஞ்சம் விலகி வழி விடும். இதுக்குப் பேரு எஸ்எம்ஏ சிண்ட்ரோம். எஸ்எம்ஏங்கிறது குடலுக்குப் போற அந்தத் தமனியோட இங்கிலீஷ் பேரோட சுருக்கம். அரிதுதான். ஆனா கொழுப்புன்னாலே முகம் சுளிக்கிறவங்களுக்கு இந்த மெத்தையைப் பத்திக் கட்டாயம் சொல்லணும்.

இன்னொரு உணவுக் கோளாறு புலிமியா: அளவில்லாம சாப்பிட்டுட்டு, எடை ஏறக்கூடாதுன்னு வாந்தி எடுக்குறது, இல்லேன்னா பேதி மாத்திரை போடுறது. அதுல வாந்தியோட அமிலம் பல்லோட உள்பக்கத்தை அரிக்கும். வாந்தியில ரத்தம் தெரிஞ்சா வீடியோவை மூடிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பேதி மாத்திரை? அது வேலை பாக்குறது பெருங்குடல்ல, சத்தெல்லாம் அதுக்கு முன்னாடியே சிறுகுடல்ல உறிஞ்சாச்சு. வெளிய போறது தண்ணியும் பொட்டாசியமும்தான்.

இதுல பெரும்பாலானதுக்கு மருந்தே சாப்பாடுதான். ஆனா ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீர்னு ஊட்டினா ரத்தத்துல பாஸ்பேட் சரிஞ்சு இதயமே தடுமாறலாம். டாக்டர் கண்காணிப்புல, படிப்படியா. முதல் சில வாரம் உப்புசம் இருக்கத்தான் செய்யும். "குண்டாயிட்டேன்"னு பிள்ளை பயந்து திரும்ப நிறுத்துறது அப்பத்தான். அது இறங்காத சாப்பாடும் காத்தும்னு பக்கத்துல உக்காந்து சொல்லுங்க.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. எடை நம்பர் மட்டும் யாரும் போடாதீங்க, அதைப் பாத்துப் போட்டி போடுற பிள்ளைங்களும் இங்க இருக்காங்க.